அலைக்குக் குறுக்கே நின்ற வள்ளம்

மாதிரிக் கடலுக்குத் தண்ணீராக ஊற்றும் ரெசினையும் அதைக் கெட்டியாக்கும் திரவத்தையும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்களைத்தான் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அலையைச் செதுக்குவது, நுரைக்குப் பஞ்சைப் பிய்ப்பது, கண்ணாடிப் பெட்டிக்குள் தூசி போகாமல் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். உங்கள் கண்கள் புதியவை. என் கண்ணுக்கு இப்போது தையல் ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடு.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரயில் பாதையை ஒட்டிய அந்த முற்றத்துப் பட்டறையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. மாதிரிக் கப்பல்களும், அவை நிற்கக் கடல்களும் செய்தோம். அமைதியான கடல் செய்வது சுலபம். புயல் கடல் செய்யும்போதுதான் ஆளுடைய மூளை எங்கே இருக்கிறது என்று தெரியவரும். புதிதாக வருகிறவர்கள் செய்வது எப்போதும் ஒரே கூத்து. கொடி ஒரு பக்கம் பறக்கும், நுரை இன்னொரு பக்கம் தெறிக்கும், அலை மூன்றாவது பக்கமிருந்து வரும். கேட்டால் "புயல்தானே அக்கா" என்பார்கள். புயல் என்றால் கண்டபடி என்று அர்த்தமில்லை. புயலில்தான் எல்லாம் ஒரே காற்றுக்குக் கட்டுப்படும்.

பழைய பத்ரோனை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டறையின் முதலாளி, பிரெஞ்சுக்காரர், கோபக்காரர். அவர் எனக்கு இரண்டு வழக்கங்களைப் பழக்கினார். ஒன்று, வெறும் பலகையில் முதல் வேலையாக ஒரு ஊசியைக் குத்தி அதில் சிவப்பு நூல் கட்டுவது. காற்று எங்கிருந்து வருகிறது என்று அந்த நூல் சொல்லும். வேலை முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. மற்றது, எதையும் ஒட்டுவதற்கு முன் கப்பல், ஆட்கள், அலை என்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் சும்மா வைத்து, வேலை கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவது. "அ பிளான்" என்று நாம் இப்போதும் சொல்கிறோமே, அதுதான். வேலை கொடுத்தவர் நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு துளி ரெசினும் ஊற்றக்கூடாது. ஊற்றிய கடலைத் திரும்ப அள்ள முடியாது.

இந்த இரண்டாவது வழக்கத்தை நீங்கள் இப்போது தொலைபேசிப் படத்தோடு முடித்துக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒருநாள் அருளப்பு பட்டறைக்கு வந்தான். இரண்டு தெரு தள்ளி மீன் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். எங்களுக்குள் பழக்கம் உண்டு. எனக்கு நல்ல மீனாகப் பார்த்துத் தருவான், நான் விலையைப் பற்றி முணுமுணுப்பேன். அன்று அவன் முகத்தில் அந்தச் சிரிப்பில்லை.

"அக்கா, ஒரு வள்ளம் செய்யவேணும். கடலோடை. புயல் கடல்."

அவனுடைய அண்ணன் மரியதாஸ் கடலில் இறந்துபோனவர். ஊரில், அருளப்பு பள்ளிக்கூடம் போகும் வயதில் நடந்தது. தகப்பன் இல்லாத வீடு, அண்ணன்தான் உழைத்துப் போட்டவர். அந்தக் கரையோர ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நகருக்கு வெளியே, கார்ஜ் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, கடலில் போனவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். அந்த மண்டபத்திலேயே நிரந்தரமாக வைக்கத்தான் அவன் கேட்டான். அவனுடைய அம்மாவும் கார்ஜில்தான் இருந்தார். நன்றாக வயது போய்விட்டது, ஆனால் பூசைக்கு மட்டும் வராமல் இருக்கமாட்டார்.

"என்ன காத்து?" என்று கேட்டேன். நான் முதலில் கேட்பது அதைத்தான்.

"வாடைக்காத்து. கடல் நீலமா வரக்கூடாது அக்கா. எங்கடை கடல் ஆழமில்லை. காத்தடிச்சா அடியிலை கிடக்கிற சேறெல்லாம் கிளம்பும். பால் குறைய விட்ட தேத்தண்ணி மாதிரி இருக்கும்."

எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். வருகிறவர்கள் எல்லாரும் கடலுக்கு நீலம் கேட்பார்கள். இவன் சேறு கேட்டான்.

பிறகு வள்ளம் எப்படி நிற்க வேண்டும் என்று சொன்னான். அலைக்குக் குறுக்கே. முன்பக்கம் அலையைப் பார்க்காமல், வள்ளத்தின் முழு நீளமும் அலைக்குக் காட்டியபடி. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன் நுனியில், அண்ணன் இருக்க வேண்டும். பின்னால் இன்னொருவன் இஞ்சினின் கைபிடியை முழுதாகத் தள்ளியபடி இருக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. நம் தொழிலில் எல்லாருக்கும் வள்ளம் குறுக்கே நிற்பதுதான் பிடிக்கும். அப்போதுதான் பார்க்கிறவருக்கு வள்ளம் முழுதாகத் தெரியும், ஆபத்தும் தெரியும். உண்மையில் அப்படி நின்றால் அடுத்த அலையில் கவிழும் என்பதை நாம் நினைப்பதே இல்லை.

இரண்டு படங்கள் தந்தான். ஒன்று அண்ணனுடைய படம். மற்றது யாருடைய கலியாணப் படத்திலிருந்தோ கத்தரித்தெடுத்த ஒரு தலை.

"இஞ்சின் பிடிக்கிறவன்ரை முகம் வடிவாத் தெரியவேணும், அக்கா. இது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கிற மாதிரி இருக்கக்கூடாது."

சரி என்றேன். வேலை தொடங்கியது. நான் கடலைச் செதுக்கினேன், வள்ளத்தைக் கட்டினேன், விரல் நீளத்தில் இரண்டு ஆட்களையும் செய்தேன். பூசைக்கு ஒரு வாரம் கூட இல்லாத நிலையில் ஒரு பெண் பட்டறைக் கதவைத் தட்டினாள்.

முப்பது வயதிருக்கும். பெயர் டிலானி. அலுவலக உடுப்போடு நேரே வேலையிலிருந்து வந்திருந்தாள். பிரெஞ்சில்தான் தொடங்கினாள். மேசையில் இருந்த வள்ளத்தைக் கண்டதும் கிட்டப் போய், இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த ஆளைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்ரை அப்பா," என்றாள் தமிழில்.

மிச்சத்தை அவள் பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னாள். அவளுடைய அப்பா சூசை. மரியதாசின் கூட்டாளி. அன்று வள்ளம் ஓட்டியவர். அலைக்குக் குறுக்கே வள்ளத்தைத் திருப்பிக் கவிழ்த்து மரியதாசைக் கொன்றவர் என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. அந்தப் பேச்சு கடல் தாண்டி இங்கேயும் வந்தது. நகருக்கு வெளியே செவ்ரானில் இருந்தார்கள். அப்பா ஒரு உணவகச் சமையலறையில் வேலை. லா சப்பலுக்குச் சாமான் வாங்கக்கூட வரமாட்டார். பூசைக்குப் போனதே இல்லை. அவளுடைய கலியாணத்துக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரும் வரவில்லை.

"அருளப்பு அங்கிள் கடையிலை எல்லாருக்கும் சொல்லுறாராம், ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கோ எண்டு. அது அங்கை எப்பவும் இருக்கும்தானே? நாளைக்கு என்ரை பிள்ளையள் பாத்தா? Madame, செய்யாதேங்கோ. Je vous en supplie... கெஞ்சிக் கேக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல, அருளப்புமேல். என் கையாலே ஒரு மனிதனுடைய முகத்தைச் செய்ய வைத்து, அதைக் கண்ணாடிக்குள் வைத்துக் காலம் முழுக்கக் குற்றம் சாட்டப் போகிறான். இதை எனக்குச் சொல்லாமலே செய்யப் பார்த்திருக்கிறான். அந்தக் கத்தரித்த தலையை வாங்கும்போதே நான் கேட்டிருக்கலாம்தான். விடுங்கள்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று யோசியுங்கள். வேலையை மாட்டேன் என்று திருப்பிக் கொடுக்கலாம். அவன் வேறு ஒருவரிடம் போவான். அந்த ஆளுக்குச் சேற்றுக் கடல்கூடச் செய்யத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் முகம் செய்யத் தெரிந்திருக்கும். அல்லது முகத்தை மெல்ல அழித்து, யாரோ போல ஆக்கிவிடலாம். அது ஏமாற்று. அல்லது நமக்கென்ன, கேட்டதைச் செய்வோம் என்று ஊற்றிவிடலாம். நான் அங்கே இல்லை. வள்ளம் எப்படிக் கவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. அருளப்பு சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். இதில் எதைச் செய்தாலும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் நடிப்பதாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டி வரச் சொல்லி டிலானியை அனுப்பிவிட்டு, அன்று பின்னேரமே அருளப்புவின் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஒட்டுவதற்கு முன் பார்க்க வரவேண்டும் என்றேன். பிறகு, "சூசையையும் வரச் சொல்லியிருக்கிறன்," என்றேன்.

அவன் கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. அதைப் பலகையில் போட்ட சத்தத்தில் கடையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவன் வாற இடத்துக்கு நான் வரமாட்டன்."

"வராட்டி நான் ஊத்தமாட்டன். எங்கடை பட்டறை வழக்கம் உனக்குச் சொன்னனான்தானே."

"அவனை ஏன் கூப்பிட்டனீங்கள்? அவன் என்ன, காசு தாறவனோ?"

"அவன்ரை முகத்தை நான் செய்திருக்கிறன். முகத்துக்குச் சொந்தக்காரன் ஒருக்காப் பாக்கட்டும்."

என்னை நன்றாக ஏசிப் பேசினான். நானும் விடவில்லை. கடைசியில், "வாறன். வந்து அவன்ரை வாயாலையே கேக்கிறன்," என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் மேசையில் இருந்த கத்தி, ஊசி, வாள் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் பூட்டினேன். சிரிக்காதீர்கள். யாராவது வெட்டு வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அன்று பின்னேரத்துக்குள் ரெசின் ஊற்றினால்தான் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் இறுகும். அந்தப் பதற்றம் ஒரு பக்கம், இந்த இருவரும் ஒரே அறையில் நிற்கப்போகும் பதற்றம் மறுபக்கம்.

அருளப்பு முதலில் வந்தான். கடைச் சப்பாத்தோடே வந்திருந்தான். சிறிது நேரத்தில் டிலானியும் சூசையும் வந்தார்கள். சூசை சின்ன உருவம், நரைத்த தலை. குளிர்கோட்டைக் கழற்றவே இல்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வெளியே ஒரு ரயில் போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லு," என்றான் அருளப்பு. "வடிவாப் பாத்துச் சொல்லு. இப்பிடித்தானே போட்டனீ?"

சூசை மேசைக்குக் கிட்ட வந்தார். சிவப்பு நூலைப் பார்த்தார். அலையைப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"ஓம், வாடைக்காத்து. தண்ணி நிறமும் சரி," என்றார். "வள்ளமும் இப்பிடித்தான் நிண்டது. குறுக்கை. நான்தான் திருப்பினனான்."

"கேட்டியளோ அக்கா! கேட்டியளோ!" அருளப்பு மேசையில் அடித்த அடியில் வள்ளம் துள்ளியது. டிலானி "பப்பா!" என்று கத்தினாள்.

சூசை வள்ளத்தை ஒரு கையால் பிடித்து நிலைப்படுத்தினார். பிறகு மற்றக் கையை நீட்டி, அணியத்தில் இருந்த மரியதாசைத் தூக்கி எடுத்தார்.

"ஆனா அப்ப இவர் இதிலை இல்லை."

எடுத்ததை வள்ளத்துக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, அலைச் சரிவில் வைத்தார். வைத்து, முகத்தை வள்ளத்தின் பக்கம் திருப்பினார்.

"இஞ்சை நிண்டவர். தண்ணியிலை."

மிச்சத்தையும் அவரே சொன்னார். அதிகம் சொல்லவில்லை. அதுவரை வள்ளம் அலைக்கு நேரே நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. அணியத்தில் கயிறு அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கட்ட மரியதாஸ் எழும்பினார். ஒரு அலை வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. வள்ளத்தைத் திருப்பாமல் அவரை எடுக்க வழியில்லை. திருப்பினால் குறுக்கே அடிக்கும், கவிழும் என்று தெரியும். தெரிந்துதான் திருப்பினார். வள்ளம் நிரம்பிப் பிரண்டது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த சூசையை மறுநாள் வேறொரு வள்ளத்துக்காரர்கள் கண்டெடுத்தார்கள்.

"கன நேரம் நீந்திக்கொண்டு நிண்டவர்," என்றார் சூசை. "என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டவர். பிறகு சத்தமில்லை."

"பொய்!" என்றான் அருளப்பு. "பொய் சொல்லுறான். அப்பிடி எண்டா இவ்வளவு வருசமா ஏன் வாய் திறக்கேல்லை?"

"கரைக்குக் கொண்டு வந்து விட்ட உடனை உங்கடை அம்மா ஓடி வந்தவ. ஒண்டே ஒண்டுதான் கேட்டவ. என்ரை பிள்ளை கஷ்டப்பட்டவனோ எண்டு. நான், இல்லை அம்மா, வள்ளம் பிரண்டது, ஒரு நொடியிலை முடிஞ்சுது எண்டு சொன்னனான். சரி எண்டு அவ நிலத்திலை இருந்திட்டா. அதுக்குப் பிறகு நான் போய் எப்பிடி மாத்திச் சொல்லுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. ஒரு தாய்க்குச் சொன்ன ஒரு வார்த்தை. வள்ளம் பிரண்டதென்றால் பிரட்டியது யார் என்று ஊர் கேட்டது. அவர் அதைச் சுமந்துகொண்டு செவ்ரானில் பாத்திரத்தோடும் அடுப்போடும் கிடந்திருக்கிறார்.

அவர் சொன்னது உண்மைதானா என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றும் எனக்குத் தெரியாது. அருளப்புவுக்கும் தெரியாது. அவன் ஒரு ஸ்டூலில் இருந்துகொண்டு, தண்ணீரில் நின்ற அந்த விரல் நீள ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் முழித்தான்.

"இதை இப்பிடி வைச்சா அம்மா பாப்பா," என்றான் கடைசியில்.

அவன் அதைச் சொன்ன பிறகுதான் சிக்கல் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது. மரியதாசைத் தண்ணீரில் வைத்தால் சூசையின் பெயர் வெளுக்கும். ஆனால் பிள்ளை ஒரு நொடியில் போய்விட்டான் என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்த தாய், அவன் தண்ணீரில் நின்று கத்தியதைப் பார்க்க வேண்டிவரும். வள்ளத்துக்குள் வைத்தால் தாய்க்கு ஒன்றுமில்லை. சூசை சாகும்வரைக்கும், செத்த பிறகும், கொலைகாரன்தான்.

சூசை தயங்கவே இல்லை. "அவரை வள்ளத்துக்குள்ளையே வையுங்கோ. முதல் செய்தமாதிரியே இருக்கட்டும். எனக்கு வயசு போட்டுது. இனி ஆர் என்ன சொன்னா என்ன."

"Non!" என்றாள் டிலானி. "உங்களுக்கு ஒண்டுமில்லை. எனக்கு? இவ்வளவு நாளும் எனக்கும் நீங்கள் சொல்லேல்லை, பப்பா!"

அப்பாவைப் பார்த்து அவள் அழுதாள். அருளப்பு நிமிரவே இல்லை. வெளியே இன்னொரு ரயில். நேரம் போய்க்கொண்டிருந்தது.

தம்பி தங்கைகளே, நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணம்தான். படக்காரனைப் போல் நாம் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட முடியாது. எல்லாரும் மிகக் கொடுமையான கணத்தைத்தான் கேட்பார்கள், நாமும் அதைச் செய்யத்தான் ஆசைப்படுவோம். எந்தக் கணத்தை ஊற்றுவது என்பதுதான் நம் வேலையிலேயே பெரிய தீர்மானம். அன்றுவரை எனக்கே அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

"கயிறு அவிழ முதல் வள்ளம் எப்பிடி நிண்டது?" என்று சூசையைக் கேட்டேன்.

"நேரை. அணியம் அலையைப் பாத்தபடி."

"ரெண்டு பேரும் உள்ளுக்கை?"

"ஓம்."

நான் வள்ளத்தை எடுத்துத் திருப்பினேன். அணியம் அலையைப் பார்த்தது. மரியதாசைத் தண்ணீரிலிருந்து எடுத்து அருளப்புவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுவும் நடந்ததுதான். புயலும் இதே புயல்தான். நீ விரும்பினால் இதைச் செய்யலாம். விருப்பமில்லை எண்டால் சொல்லு, நான் இந்த வேலையை இதோடை விடுறன். முந்தி நீ கேட்டமாதிரிக் குறுக்கை வைச்சு நான் ஊத்தமாட்டன்."

அவன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக, சூசையின் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப அண்ணை என்ன செய்துகொண்டிருந்தவர்?"

சூசை கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது. "என்னைப் பேசிக்கொண்டிருந்தவர்."

"ஏன்?"

"மண்ணெண்ணெய் காணாம, குறையக் கொண்டு வந்திட்டன் எண்டு. கரையிலை இருந்து வெளிக்கிட்ட நேரம் தொட்டு ஒரே பேச்சு. புயலுக்குள்ளையும் விடேல்லை. திரும்பித் திரும்பி என்னைப் பேசினவர். மடையன், விசரன், உன்னை நம்பி வந்தனே எண்டு."

அருளப்பு சிரித்தான். சிரித்தபடியே அழுதான். "அது அண்ணைதான்," என்றான். "அது அண்ணையேதான். என்னையும் அப்பிடித்தான். பென்சில் துலைச்சாலும் மூண்டு நாளைக்குப் பேசுவார்."

எழும்பி வந்து, அண்ணனை அணியத்தில் தானே வைத்தான். ஆனால் அலையைப் பார்த்தபடி வைக்கவில்லை. பின்னால் திரும்பி, இஞ்சின் பக்கம் பார்த்தபடி வைத்தான். முதுகுக்குப் பின்னால் அலை வந்துகொண்டிருந்தது. அதை நாங்கள் நான்கு பேரும் கண்டோம்.

"ஊத்துங்கோ அக்கா," என்றான்.

ஊற்றுங்கோ என்று சொல்வது சுலபம். கடல் முழுக்கக் குறுக்கே நிற்கும் வள்ளத்துக்காகச் செதுக்கியது. பழைய குழியை அடைத்து, புதிதாக ஒன்று வெட்டி, நுரையை வள்ளத்தின் பக்கவாட்டிலிருந்து பிடுங்கி அணியத்தில் வைக்க வேண்டும். முன்பக்கம் என்று நினைத்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் இப்போது சூசையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பலகையைக் கால்வட்டம் சுற்றி, பக்கவாட்டை முன்பக்கமாக்கினேன். இரண்டு முகமும் தெரிந்தன. மாறாமல் இருந்தது அந்தச் சிவப்பு நூல் ஒன்றுதான். காற்று சரியாக இருந்ததால் மற்றவற்றைத் திருத்த முடிந்தது. காற்றே பிழைத்திருந்தால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

அவசரத்தில் ரெசினை ஒரேயடியாக நிறையக் கலந்துவிட்டேன். கலந்த பாத்திரத்தைக் கையில் எடுத்தபோது சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஊற்றினால் ஒரே ஊற்றில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சூட்டில் உள்ளே வெடிப்பு விழும், ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கும்போது கடல் கண்ணாடிச் சில்லுபோல் பிளந்து கிடக்கும். மிச்சம் இருந்த ரெசின் போதுமா என்றும் நிச்சயமில்லை. அந்தப் பாத்திரத்தை அப்படியே முற்றத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மெல்லிய படையாக இரண்டு தரம் ஊற்றினேன். கையில் சூடு தெரிந்தால் ஊற்றாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் சரி, எவ்வளவு விலையானாலும் சரி. சனிக்கிழமை முழுக்க அதைத் தொட்டுப் பார்க்கப் பயந்துகொண்டு, பட்டறைக்கும் வீட்டுக்கும் பைத்தியக்காரிபோல் நடந்தேன். வெடிப்பு விழவில்லை, ரெசினும் போதுமாகத்தான் இருந்தது. கடைசிச் சொட்டுவரை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில் எங்கள் வான் வண்டி நின்றபோது சனம் நிறைந்திருந்தது. அருளப்பு கடையில் சொன்னதையெல்லாம் கேட்டு, சூசையின் முகத்தைப் பார்க்கவென்றே வந்தவர்கள் பாதிப்பேர். அதே சூசை, அதே குளிர்கோட்டோடு, மகளுக்குப் பக்கத்தில் வாசலுக்கு வெளியே மதிலோரம் நின்றார். வருவாரோ மாட்டாரோ என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அவரைக் கண்டதும் சனத்தில் குசுகுசுவென்று ஒரு சத்தம் எழும்பியது. அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நாலு பேர் நிற்கக்கூடிய இடம் வெறுமையாகவே இருந்தது.

ரெசின் கடல் கனமானது. வானின் பின்கதவைத் திறந்ததும் அருளப்புவின் சொந்தக்காரப் பெடியன்கள் தூக்க ஓடி வந்தார்கள். அவன் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான். சனத்தைத் தாண்டி மதில் பக்கம் பார்த்தான்.

"சூசை அண்ணை!" என்று உரத்துக் கூப்பிட்டான். "வாங்கோ, வந்து அந்தப் பக்கம் பிடியுங்கோ."

குசுகுசுப்பு நின்றது. சூசை அசையவில்லை. டிலானி முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள். அவர் அந்த வெறும் இடத்தைக் கடந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார். அருளப்பு மறுபக்கம் பிடித்தான். இரண்டு பேரும் சனத்துக்கு நடுவால் கடலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சனம் விலகி வழிவிட்டது.

அம்மா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் வைத்தார்கள். குனிந்து பார்க்க அவரால் முடியாது, அதனால் முகத்துக்கு நேரே தள்ளி வைத்தான் அருளப்பு. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மரியதாஸ் ஏன் பின்னுக்குத் திரும்பிப் பாக்கிறான்?" என்று கேட்டார்.

"சூசை அண்ணையைப் பேசுறார், அம்மா," என்றான் அருளப்பு. "மண்ணெண்ணெய் காணாமக் கொண்டு வந்திட்டாராம்."

அம்மா மெல்லத் தலையைத் தூக்கி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற சூசையைப் பார்த்தார். கரையில் அன்று பார்த்த பிறகு இன்றுதான் பார்க்கிறார்.

"உண்மையே? காணாமத்தான் கொண்டு போனனியோ?"

"ஓம் அம்மா," என்றார் சூசை. தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்," என்றார் அம்மா. பக்கத்துக் கதிரையில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையைத் தட்டிக் காட்டினார். "இரு. பூசை துடங்கப் போகுது."

சூசை குளிர்கோட்டைக் கழற்றிவிட்டு அந்தக் கதிரையில் இருந்தார்.